எந்தப் பிரதி சரி? உரைக்கோப்புகளை ஒத்திசைத்த வரலாறு

உரைக்கோப்பில் எழுத்துகளும் வரிமுடிவுகளும் தவிர வேறெதுவும் இருக்காது. எழுத்துரு, நிறம், படம், பக்க அமைப்பு ஆகியவற்றைச் சுமக்காததால், அதை எழுதிய நிரல் வழக்கொழிந்த பிறகும் வேறொரு நிரலால் அதைத் திறக்க முடிகிறது. குறிப்பெடுப்போர் பலர் இந்த எளிய வடிவத்தைக் கைவிடாததற்கு அதுவே காரணம். ஆனால் ஒரு குறிப்பு ஒரே கருவியில் முடிந்துவிடுவதில்லை. அலுவலகக் கணினியில் தொடங்கியது மடிக்கணினியில் வளர்கிறது, கைபேசியில் திருத்தப்படுகிறது. எதில் திருத்தினாலும் மற்ற எல்லாவற்றிலும் அந்தத் திருத்தம் போய்ச் சேரும்படி செய்வதுதான் ஒத்திசைவு.

கோப்பை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்புவது கணினியுலகில் பழைய வேலை. கோப்புப் பரிமாற்ற நெறிமுறையின் முதல் வரையறையை எம்.ஐ.டி.யில் இருந்த அபய் பூஷண் 1971இலேயே எழுதிவிட்டார். கடினமாக இருந்தது வேறொன்று. ஒரே குறிப்பு இரண்டு இடங்களில் தனித்தனியே திருத்தப்பட்டிருந்தால் எந்தப் பிரதியை ஏற்பது? ஒத்திசைவின் வரலாறு இந்தக் கேள்விக்கு அடுத்தடுத்துக் கிடைத்த விடைகளின் வரலாறு.

எழுத்தும் வரிமுடிவும்

இரண்டு பிரதிகளை ஒப்பிட வேண்டுமானால், ஒரே எழுத்தை இரண்டு கணினிகளும் ஒரே எண்ணால் குறிக்க வேண்டும். அமெரிக்காவில் 1963இல் வெளியான ஆஸ்கி தரம் 7 பிட்டுகளில் 128 குறியீடுகளை வகுத்து ஆங்கிலத்துக்கு அந்தப் பொதுமையைத் தந்தது. வரிமுடிவில் மட்டும் ஒற்றுமை ஏற்படவில்லை. டெலிடைப் எந்திரத்தில் புது வரிக்குப் போக, அச்சுத்தலையை இடது ஓரத்துக்குத் திருப்ப ஒரு குறியீடும், தாளை ஒரு வரி மேலே தள்ள இன்னொரு குறியீடும் தேவைப்பட்டன. யூனிக்ஸ் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டது. பழைய மேக்கின்டாஷ் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டது. எம்எஸ்-டாஸும் அதன் வழிவந்த விண்டோஸும் இரண்டையும் வைத்துக்கொண்டன.

கண்ணுக்குத் தெரியாத இந்த வேறுபாடு ஒத்திசைவுக்குப் பெரிய தொல்லையாயிற்று. யூனிக்ஸில் எழுதிய குறிப்பை விண்டோஸில் திறந்து, ஓர் எழுத்தை மாற்றிச் சேமித்தால், சில நிரல்கள் எல்லா வரிமுடிவுகளையும் சேர்த்து மாற்றிவிடும். ஒப்பிடும் நிரலின் கணக்கில் கோப்பின் ஒவ்வொரு வரியும் திருத்தப்பட்டதாக ஆகிவிடும். விண்டோஸின் நோட்பேட் யூனிக்ஸ் வரிமுடிவைப் புரிந்துகொள்ளத் தொடங்கியதே 2018இல்தான். அதற்கு முன் அத்தகைய கோப்பு அதில் ஒரே நீண்ட வரியாகத் தெரிந்தது.

ஆஸ்கிக்கு வெளியே இருந்த மொழிகளின் சிக்கல் இன்னும் ஆழமானது. 1990களில் தமிழ் எழுத்துருக்கள் தத்தமக்கென்று தனிக் குறியீட்டு முறை வைத்திருந்தன. ஒரு கணினியில் தட்டிய தமிழ்க் குறிப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற லத்தீன் எழுத்துகளே தெரியும். டிஸ்கி, டாப், டாம் ஆகிய குறியீடுகள் இந்தக் குழப்பத்தைக் குறைக்க முயன்றன. 1991இல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தாலும், அது புழக்கத்துக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. தமிழ்நாடு அரசு 2010இல்தான் யூனிகோடை அதிகாரப்பூர்வத் தரமாக அறிவித்தது. இதற்கிடையில் 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யுடிஎஃப்-8 முறை, ஆஸ்கி எழுத்துகளை இருந்தபடியே ஒரு பைட்டில் வைத்துக்கொண்டு உலகின் மற்ற எழுத்துகளுக்கும் இடமளித்தது. இதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டுகள் எடுத்துக்கொள்கிறது.

யூனிகோடுக்குப் பிறகும் ஒரு கண்ணி எஞ்சியது. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரண்டு துண்டுகளாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் சமம் என்கிறது யூனிகோடு. பைட்டுகளில் அவை வேறு வேறு. ஆப்பிள் 1998இல் கொண்டுவந்த எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. லினக்ஸ் தந்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டது. அதனால் ‘கோவை’ என்று பெயரிட்ட ஒரே குறிப்பு, மேக்குக்கும் லினக்ஸுக்கும் இடையே போய்வந்த பின் ஒரே பெயருள்ள இரண்டு கோப்புகளாக நிற்பது நடக்கக்கூடியதாயிற்று. பெயர்களை ஒப்பிடுமுன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் பொறுப்பு ஒத்திசைவு நிரல்களின் தலையில் விழுந்தது.

வரிவரியாக ஒப்பிடும் கலை

பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் எழுதிய டிஃப் நிரல் 1974இல் யூனிக்ஸின் ஐந்தாம் பதிப்போடு வெளிவந்தது. அதன் அடிப்படையை அவரும் ஜேம்ஸ் ஹன்ட்டும் 1976இல் விளக்கி எழுதினர். இரண்டு கோப்புகளுக்கும் பொதுவான வரிகளின் மிக நீண்ட வரிசையைக் கண்டுபிடித்து, எஞ்சியவற்றைச் சேர்த்தவை, நீக்கியவை எனப் பட்டியலிடுவது அதன் வேலை. வரி என்ற அலகு உரைக்கோப்புக்கே உரியது என்பதால், படத்துக்கோ சொற்செயலி ஆவணத்துக்கோ இல்லாத வசதி உரைக்குக் கிடைத்தது. கோப்பு மாறியதா என்பதோடு, எந்த இடத்தில் மாறியது என்பதையும் சொல்ல முடிந்தது.

அடுத்த படி மூன்று கோப்புகளை ஒப்பிடுவது. யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் (1979) இருந்த டிஃப்3, இருவரும் திருத்துமுன் இருந்த மூலப் பிரதியையும் சேர்த்துப் பார்த்தது. மூலத்தை வைத்துப் பார்த்தால், ஒருவர் 3ஆம் வரியையும் மற்றவர் 40ஆம் வரியையும் மாற்றியிருப்பது தெரிந்துவிடும். இரண்டு திருத்தங்களையும் சேர்த்தே ஏற்கலாம். இருவரும் ஒரே வரியில் கைவைத்திருந்தால் மட்டும் மனிதர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். லாரி வால் 1985இல் எழுதிய பேட்ச் நிரல், திருத்தப் பட்டியலை மட்டும் அனுப்பி மறுமுனையில் உள்ள பிரதியைப் புதுப்பிக்க வழிசெய்தது.

இந்தக் கருவிகளைக் கோத்து எழுந்தவையே பதிப்பு மேலாண்மை நிரல்கள். மார்க் ராச்கைன்ட் 1972இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய எஸ்சிசிஎஸ், வால்டர் டிச்சி 1982இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஆர்சிஎஸ் ஆகியவை ஒருவர் திருத்தும்போது மற்றவருக்குக் கோப்பைப் பூட்டி வைத்தன. பூட்டு இருக்கும்வரை முரண்பாடே எழாது, வேலையும் நடக்காது. ஆம்ஸ்டர்டாமில் ஆசிரியராக இருந்த டிக் க்ரூனும் அவரது மாணவர் இருவரும் ஒரு கம்பைலரை எழுதியபோது, மூவரும் வேலை செய்யும் நேரங்கள் ஒத்துப்போகவில்லை. ஒருவருக்காக மற்றவர் காத்திராமல் எழுத அவர் உருவாக்கி 1986இல் வெளியிட்ட சிவிஎஸ் பூட்டைக் கைவிட்டது. எல்லோரும் எழுதலாம், பின்னர் சேர்த்துக்கொள்ளலாம் என்ற அணுகுமுறை அங்கே நிலைபெற்றது.

இணைப்பு அறுந்த கணினி

பல கணினிகளில் பிரதி வைக்கும் சிக்கலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறொரு பக்கத்திலிருந்து அணுகினர். எந்தத் திருத்தம் முந்தியது என்பதைக் கடிகாரத்தை நம்பித் தீர்மானிக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு கணினிகளின் கடிகாரங்கள் முழுமையாக ஒத்துப்போவதில்லை. லெஸ்லி லாம்போர்ட் 1978இல், நேரத்தை விட்டுவிட்டு நிகழ்வுகளின் காரண வரிசையைப் பின்பற்றும் முறையைக் காட்டினார். லோகஸ் என்ற முறைமையை உருவாக்கிய கலிஃபோர்னியா ஆய்வாளர்கள் 1983இல் அதைப் பிரதிகளுக்கு ஏற்றபடி வளர்த்தனர். ஒவ்வொரு கணினியும் தான் செய்த திருத்தங்களின் எண்ணிக்கையைப் பிரதியோடு சேர்த்து எழுதி வைக்கும். ஒரு பிரதியின் எண்கள் எல்லாம் மற்றதன் எண்களுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்து, ஓர் எண்ணாவது கூடுதலாக இருந்தால் அது புதியது. சில எண் கூடுதலாகவும் சில எண் குறைவாகவும் இருந்தால் இருபுறமும் தனித்தனியே திருத்தம் நடந்திருக்கிறது, அதுவே முரண்.

கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் மகாதேவ் சத்யநாராயணன் தலைமையில் 1987இல் தொடங்கிய கோடா திட்டம் மடிக்கணினியை மனத்தில் வைத்தது. சத்யநாராயணன் சென்னை ஐஐடியில் பட்டம் பெற்றவர். சர்வரில் உள்ள கோப்புகளில் தேவைப்படக்கூடியவற்றை மடிக்கணினி முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்ளும். வலையமைப்பு அறுந்தாலும் பயனர் வேலையைத் தொடர்வார். மீண்டும் இணைந்ததும், இடையில் செய்த மாற்றங்களைப் பதிவேட்டிலிருந்து எடுத்து சர்வரில் ஏற்றும். இணைப்பு இல்லாமையைக் கோளாறாகப் பார்க்காமல் இயல்பான நிலையாகப் பார்த்த இந்த வடிவமைப்பைத்தான் பின்னாளில் கைபேசிச் செயலிகள் பின்பற்ற வேண்டியிருந்தது. வணிக உலகில் இதே வேலையைச் செய்தது 1989இல் வெளியான லோட்டஸ் நோட்ஸ். ரே ஓஸி தலைமையில் உருவான அந்த மென்பொருள், நிறுவனக் கிளைகளின் சர்வர்களுக்கு இடையே ஆவணங்களைக் குறித்த இடைவெளிகளில் பிரதியெடுத்தது. ஒரே ஆவணம் இரு கிளைகளிலும் திருத்தப்பட்டிருந்தால் முரண் ஆவணம் ஒன்றைத் தனியே தோற்றுவித்தது.

பிளாப்பி, பெட்டி, தொட்டில்

வீட்டுக் கணினிக்காரரிடம் இவை எதுவும் இல்லை, பிளாப்பி இருந்தது. 1.44 எம்பி கொள்ளளவுள்ள வட்டில் நூற்றுக்கணக்கான குறிப்புகள் அடங்கும். எது புதிய பிரதி என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டியவர் அதை எடுத்துச் செல்பவரே. விண்டோஸ் 95 இந்தச் சுமையைக் குறைக்க, முகப்பிலேயே பிரீஃப்கேஸ் என்ற சிறப்புக் கோப்புறையை வைத்தது. கோப்புகளை அதில் போட்டுப் பிளாப்பியில் எடுத்துச் சென்று திருத்தித் திரும்பி வந்தால், எந்தப் பக்கம் மாறியது என்று காட்டிப் புதுப்பித்துத் தரும். இரு பக்கமும் மாறியிருந்தால் பயனரைக் கேட்கும்.

இத்தகைய நிரல்கள் திருத்திய நேரத்தையே பெரிதும் நம்பின. பிளாப்பியின் ஃபாட் கோப்பு முறைமையோ நேரத்தை 2 விநாடித் துல்லியத்தில்தான் பதிந்தது. அதுவும் உள்ளூர் நேரமாக. கோடைகாலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்தும் நாடுகளில், யாரும் தொடாத கோப்புகள்கூட ஒரே இரவில் ‘மாறியவை’ ஆயின.

கையடக்கக் கருவிக்கு ஒத்திசைவைப் பழக்கமாக்கியது பாம் பைலட். யு.எஸ். ரோபாடிக்ஸின் கீழ் இருந்த பாம் 1996 மார்ச்சில் வெளியிட்ட பைலட் 1000, பைலட் 5000 ஆகியவற்றோடு, கணினியில் செருகிய ஒரு தொட்டிலும் வந்தது. கருவியை அதில் வைத்து ஹாட்சிங்க் பொத்தானை அழுத்தினால் நாட்குறிப்பு, முகவரி, பணிப்பட்டியல், மெமோ ஆகிய நான்கும் இரு பக்கமும் சமமாகும். ஒவ்வொரு பதிவிலும் ‘மாறியது’ என்ற அடையாளம் ஒரு பிட்டாக இருந்தது. கடைசியாக ஒத்திசைத்த அதே கணினியோடு மீண்டும் இணைந்தால் அடையாளமிட்ட பதிவுகளை மட்டும் அனுப்பினால் போதும். வேறு கணினி என்றால் எல்லாப் பதிவுகளையும் ஒப்பிட்டாக வேண்டும். ஒரே மெமோ இரு பக்கமும் மாறியிருந்தால் இரண்டையும் வைத்துக்கொண்டு, பயனரிடம் விட்டுவிடும். ஒரு மெமோவின் அளவு 4 கிலோபைட்டுக்கு மேல் போக முடியாது. இந்தக் குறுகிய வரம்புக்குள்ளேயே லட்சக்கணக்கானோர் பயன்படுத்திய சட்டைப்பைக் குறிப்பேடு உருவானது.

நினைவுள்ள ஒத்திசைவு

பைலட் வெளியான அதே ஆண்டின் ஜூனில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் ஆர்சிங்க் நிரலை அறிவித்தனர். கோப்பைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் கணக்கிட்டு, மறுமுனையில் இல்லாத பகுதிகளை மட்டும் அனுப்பியதால், மெதுவான தொலைபேசி இணைப்பிலும் பெரிய கோப்புறைகளைப் புதுப்பிக்க முடிந்தது. ஆனால் அது ஒருவழிப் பாதை. மூலம் எது, நகல் எது என்பதை இயக்குபவர் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் புதிய குறிப்பின் மேல் பழையது எழுதப்பட்டுவிடும்.

இருவழி ஒத்திசைவின் இலக்கணத்தைத் தெளிவாக வகுத்தவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் பியர்ஸ். அவர் குழு எழுதிய யூனிசன் நிரல் ஓர் எளிய உண்மையின் மேல் நிற்கிறது. ஒரு குறிப்பு கணினியில் இருக்கிறது, மடிக்கணினியில் இல்லை என்றால் அது கணினியில் புதிதாக எழுதப்பட்டதாக இருக்கலாம். மடிக்கணினியில் வேண்டுமென்றே அழிக்கப்பட்டதாகவும் இருக்கலாம். இரண்டு பக்கத்தையும் இப்போது பார்த்து மட்டும் இதைத் தீர்மானிக்க முடியாது. கடந்த ஒத்திசைவின் முடிவில் என்ன இருந்தது என்ற பதிவேடு வேண்டும். யூனிசன் அந்தப் பதிவேட்டை இரு பக்கமும் வைத்துக்கொண்டது. அதன்படி ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் மாற்றத்தைக் கடத்தியது. இரு பக்கமும் மாறியிருந்தால் நின்று கேட்டது. இன்றைய ஒத்திசைவு நிரல்கள் பலவற்றின் உள்ளே ஏதோ ஒரு வடிவில் இந்தப் பதிவேடு இருக்கிறது.

மேகமும் கைபேசியும்

ட்ரூ ஹூஸ்டனும் அராஷ் ஃபெர்டோசியும் 2007இல் தொடங்கிய டிராப்பாக்ஸ் 2008 செப்டம்பரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பாஸ்டனிலிருந்து நியூயார்க் போகும் பேருந்தில் யுஎஸ்பி டிரைவை மறந்து வந்ததே தன்னைத் தூண்டியதாக ஹூஸ்டன் கூறியிருக்கிறார். அதன் புதுமை, ஒத்திசைவைப் பயனர் இயக்க வேண்டிய செயலாக வைக்காததில் இருந்தது. கோப்புறையில் ஒரு கோப்பு சேமிக்கப்பட்ட உடனே நிரல் அதைக் கவனித்து, 4 எம்பி துண்டுகளாகப் பிரித்து, சர்வரில் இல்லாத துண்டுகளை ஏற்றும். முரண் எழுந்தால் பாம் பைலட்டின் விடையையே அதுவும் தந்தது: கணினியின் பெயரும் தேதியும் ஒட்டிய இரண்டாம் பிரதி ஒன்று அதே கோப்புறையில் தோன்றும்.

கைபேசியில் நிலைமை வேறு. 2007இல் வந்த ஐபோனில் நோட்ஸ் செயலி இருந்தாலும், பயனர் கண்ணில் படும் கோப்புறை இல்லை. 2008இல் ஆப் ஸ்டோர் திறந்தபோதும் ஒரு செயலியின் கோப்பை இன்னொன்று பார்க்க முடியாது. அந்த ஆண்டிலேயே வந்த சிம்பிள்நோட் தன் சர்வர் வழியாக வெறும் உரையை மட்டும் ஒத்திசைத்தது. மேக்கில் ஸகரி ஷ்னிரோவ் எழுதிய நோட்டேஷனல் வெலாசிட்டி அந்தச் சேவையோடு பேசக் கற்றுக்கொண்டதும், கணினியில் ஒரு நிரல், கைபேசியில் வேறொரு நிரல், நடுவில் ஒரே குறிப்புத் தொகுப்பு என்ற ஏற்பாடு பரவியது. டிராப்பாக்ஸ் 2010இல் பிற செயலிகளுக்குத் தன் கதவைத் திறந்தபின், ஹாக் பே நிறுவனத்தின் பிளெயின்டெக்ஸ்ட் போன்ற செயலிகள் தமக்கென்று சர்வர் இல்லாமலேயே டிராப்பாக்ஸ் கோப்புறையில் எழுதின. ஜான் க்ரூபர் 2004இல் வெளியிட்ட மார்க்டவுன் குறிமுறை, தலைப்பையும் தடித்த எழுத்தையும் சாதாரணக் குறிகளாலேயே காட்டியதால், உரைக்கோப்பின் எளிமையை விடாமல் ஓரளவு வடிவமைப்பும் கிடைத்தது.

அதே ஆண்டுகளில் சேவைகள் மறையவும் செய்தன. கூகுள் நோட்புக் 2012இல் மூடப்பட்டது. ஆப்பிளின் மொபைல்மீயும் அதே ஆண்டில் நின்றது. உபுண்டு ஒன் 2014இல் முடிந்தது. சிம்பிள்நோட் 2013இல் ஆட்டோமேட்டிக் நிறுவனத்தின் கைக்குப் போனது. சேவை மூடும்போது குறிப்புகளை ஏற்றுமதி செய்து மீட்க வேண்டியிருந்தவர்களுக்கும், ஏற்கெனவே தம் வட்டில் உரைக்கோப்பாக வைத்திருந்தவர்களுக்கும் இருந்த வேறுபாடு அப்போது தெரிந்தது. பின்னவர்கள் ஒத்திசைக்கும் நிரலை மாற்றினால் போதுமாயிருந்தது.

எழுத்து அளவில் இணைத்தல்

டிஃப் வரியை அலகாகக் கொண்டது நிரல் எழுதுவோருக்குப் பொருந்தியது. குறிப்பெழுதுவோர் ஒரு பத்தி முழுவதையும் ஒரே வரியாகத் தட்டுவார்கள். ஆகவே பத்தியின் இரு முனைகளில் செய்த திருத்தங்களும் ஒரே வரியில் மோதின. கூகுளில் இருந்த நீல் ஃப்ரேசர் 2006இல் வெளியிட்ட டிஃப்-மேட்ச்-பேட்ச் நூலகம் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டது. திருத்தம் குறித்த இடம் சற்று நகர்ந்திருந்தாலும் சுற்றியுள்ள சொற்களைத் தேடி உரிய இடத்தில் பொருத்தியது. 2009இல் அவர் இதை மேலும் வளர்த்து, இரு முனையும் தொடர்ந்து வேறுபாடுகளைப் பரிமாறிக்கொள்ளும் முறையை வெளியிட்டார்.

பலர் ஒரே நேரத்தில் எழுதும் ஆவணங்களுக்கு வேறு இரண்டு வழிகள் எழுந்தன. எல்லிஸும் கிப்ஸும் 1989இல் முன்வைத்த முறை, ஒவ்வொரு தட்டலையும் ஒரு செயலாகக் கருதி, மற்றவர் செய்ததற்கேற்ப அதன் இடத்தைச் சரிசெய்தது. 2011இல் மார்க் ஷப்பிரோவும் சக ஆய்வாளர்களும் வரையறுத்த சிஆர்டிடி என்ற தரவமைப்புகள், திருத்தங்கள் எந்த வரிசையில் வந்தாலும் எல்லாப் பிரதிகளும் ஒரே முடிவை அடையும் என்பதைக் கணித அடிப்படையில் உறுதி செய்தன. இதற்கு விலையும் உண்டு. ஒவ்வொரு எழுத்துக்கும் அடையாளமும் வரலாறும் தேவை. அவை வெறும் உரைக்கோப்புக்குள் அடங்காது, தனியே வைக்க வேண்டும். மேலும், பிரதிகள் ஒன்றாவதைத்தான் கணிதம் உறுதி செய்கிறது. இணைந்த வாக்கியம் பொருள் தருமா என்பதை மனிதரே படித்துப் பார்க்க வேண்டும்.

இன்றைய வழிகள்

யாக்கோப் போர்க் 2013இல் வெளியிட்ட சிங்க்திங் நடுவில் மேகச் சேமிப்பு இல்லாமல் கருவிகளை நேராக இணைக்கிறது. மாற்றங்களை அறிய 1983இல் லோகஸ் பயன்படுத்திய எண் வரிசையின் வகையையே கையாள்கிறது. முரண் வந்தால் ஒரு பிரதியின் பெயரை மாற்றி அருகிலேயே வைக்கிறது. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் நிரலால் தம் குறிப்புகளைப் பேணுவோர், டிஃப்3 வழிவந்த மும்முனை இணைப்பையும் முழு வரலாற்றையும் பெறுகிறார்கள். ஒவ்வொரு முறையும் மாற்றங்களைத் தாமே பதிந்து அனுப்ப வேண்டியது அதன் சுமை. 2020இல் வெளியான ஆப்சிடியன் குறிப்புகளைப் பயனரின் வட்டில் மார்க்டவுன் கோப்புகளாக வைக்கிறது. அதன் கட்டணச் சேவை அக்கோப்புகளை இணைக்க ஃப்ரேசரின் நூலகத்தையும், மற்ற கோப்புகளுக்குக் கடைசியாகத் திருத்தியதே செல்லும் என்ற விதியையும் பயன்படுத்துகிறது.

இப்போதைய தடை பெரும்பாலும் கைபேசி இயங்குதளங்களிடமிருந்து வருகிறது. பேட்டரியைக் காக்க ஐபோன் பின்னணி நிரல்களை நிறுத்தி வைக்கிறது. ஆண்ட்ராய்டு 2020ஆம் ஆண்டின் 11ஆம் பதிப்பிலிருந்து பொதுச் சேமிப்பகத்தை அணுகுவதைக் கட்டுப்படுத்துகிறது. சிங்க்திங்கின் அதிகாரப்பூர்வ ஆண்ட்ராய்டு செயலி 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டபோது, பிளே ஸ்டோரில் வெளியிடுவதில் உள்ள சிரமத்தை அதைப் பராமரித்தவர் காரணமாகச் சொன்னார். செயலி திறந்திருக்கும்போது மட்டும் ஒத்திசைவு நடந்தால், பழைய பிரதியின் மேல் எழுதும் வாய்ப்பு கூடுகிறது. முரண்களும் அடிக்கடி எழுகின்றன.

ஆகவே முரணுக்கு இன்று புழக்கத்தில் உள்ள விடைகள் மூன்று. கடைசித் திருத்தத்தை ஏற்பது எளிது, ஆனால் ஓசையின்றி எழுத்தை இழக்கச் செய்யலாம். இரண்டு பிரதிகளையும் வைப்பது எதையும் இழக்காது. ஒப்பிடும் வேலையைப் பயனருக்குத் தருகிறது. மூலத்தை வைத்து இணைப்பது பெரும்பாலான முரண்களைத் தானே தீர்க்கிறது. அதற்குக் கடந்த நிலையின் பதிவேடு அழியாமல் இருக்க வேண்டும். எந்தக் கருவி எந்த விடையைப் பின்பற்றுகிறது என்பதை அறிந்து தேர்வதும், ஒத்திசைவுக்கு வெளியே ஒரு காப்புப் பிரதி வைத்திருப்பதும் குறிப்புகளைக் காக்கின்றன. ஏனெனில் தவறாக அழித்த கோப்பையும் ஒத்திசைவு அதே வேகத்தில் எல்லாக் கருவிகளிலும் அழித்துவிடும்.